எண்பதுகளின் பொம்மை டேப் பிளேயரைப் பிரித்து மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரோபோ, கார், ஜூக்பாக்ஸ், கரடி என்று ஏதோ ஒரு வேடம் போட்ட கேசட் பிளேயர் கையில் இருக்கிறது. பாட்டரி போட்டால் ஓடவில்லை, இல்லையென்றால் பாட்டு இழுத்து இழுத்து அழுகிறது. உடனே திருப்புளியைத் தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இதைப் புதிதாகப் பிரிக்கிறவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்யூட் புரியாமல் தோற்றவர் குறைவு. பொம்மையின் வெளி ஓட்டைத் திறக்கும்போது ரோபோவின் காது முறியும், ஸ்பீக்கர் வயர் அறும், பொட்டு அளவு வாஷர் ஒன்று தரையில் விழுந்து காணாமல் போகும். உள்ளே இருப்பது சாதாரண கேசட் பிளேயர்தான். தொல்லையெல்லாம் வேடத்தில். எதை எதற்கு முன் கழற்றுவது என்ற வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வகை என்றால், பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் வைத்துவிட்டுத் திறங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் வேலை பழகாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் பாட்டரியில் ஓடும் பொம்மைகளுக்கு.

1. திறப்பதற்கு முன் ஓட விட்டுக் கேளுங்கள்

புது பாட்டரி போட்டு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை வைத்து ப்ளே அழுத்துங்கள். நல்ல கேசட்டை வைத்தால் டேப்பை மென்று துப்பிவிடும்.

மோட்டார் உறுமுகிறது, எதுவும் சுற்றவில்லை: மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் போயிருக்கிறது. சுற்றுகிறது, ஆனால் டேப் சுருள் சுருளாக வெளியே வருகிறது: சுருட்ட வேண்டிய வலப்பக்கச் சக்கரத்துக்கு வேகம் போய்ச் சேரவில்லை. வேகம் ஏறி இறங்குகிறது: தளர்ந்த பெல்ட், அல்லது டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை வழுக்குகிறது. ஓட்டம் சரி, சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது: டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. உறுமல்கூட இல்லை: பாட்டரி முனை, சுவிட்ச், வயர்.

கேட்டதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிரித்த பிறகு, “இது முன்பே இப்படித்தானா, நான் செய்த வேலையா?” என்ற சந்தேகம் கட்டாயம் வரும். அப்போது அந்தத் தாள் பதில் சொல்லும்.

2. மேசையில் என்ன வேண்டும்

ஸ்டார் திருப்புளி (கூட்டல் குறி முனை) இரண்டு அளவு. அதில் ஒன்றின் தண்டு குறைந்தது 15 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். பொம்மைகளில் திருகு ஆழமான குழிக்குள் இருக்கும். குட்டைத் திருப்புளியின் பிடி குழி வாயிலேயே முட்டி நின்றுவிடும்.

ஜப்பானில் செய்த பொருள் என்றால் இன்னொரு விஷயம். அங்கத்திய தர அளவான ஜேஐஎஸ் திருகும் சாதாரண ஸ்டார் திருகும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். சாதாரண முனையை வைத்து அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கி, தலை மழுங்கிவிடும். திருகின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது ஜேஐஎஸ்தான். அதற்கான முனை கிடைத்தால் வாங்கிவையுங்கள்.

மற்றபடி: 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, பல் குத்தும் குச்சி, ட்வீசர், மெல்லிய கையுறை, சால்டரிங் அயர்ன், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, பெரிய கண்ணாடிப் பாலிதீன் பை ஒன்று. பை எதற்கு என்பது 9-ஆம் படியில் தெரியும். அசிட்டோன், தின்னர் இரண்டையும் மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒரு சொட்டு பட்டாலும் ஓடு கரைந்து தழும்பாகிவிடும்.

மேசை மேல் வெளிர் நிறத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். விழுவது உருளாது, விழுந்தது தெரியும்.

3. பாட்டரி அறை

பாட்டரியை எடுத்ததும் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆல்கலைன் பாட்டரி கசிந்திருக்கிறது. அது காரம். அதனால் பஞ்சில் வினிகர் தொட்டு ஒற்றுங்கள். நுரைத்து அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, கடைசியாக ஆல்கஹால். அறைக்குள் வினிகரை ஊற்ற வேண்டாம், கீழே போர்டுக்கு ஓடும்.

முனையில் பற்றவைத்த வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அரிப்பு வயர் வழியாக ஏறியிருக்கிறது. முனை மட்டும் பளபளத்துப் பயனில்லை, அந்த வயரையே மாற்ற வேண்டும்.

4. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் முதலில் கழற்றுங்கள்

வால்யூம் குமிழ், ஸ்லைடர் தொப்பி, ரேடியோவும் சேர்ந்தது என்றால் ஆன்டெனா. இவை உள்ளே போர்டில் மாட்டியிருக்கும், ஓட்டின் துளை வழியாக வெளியே வரும். திருகையெல்லாம் கழற்றியும் ஓடு ஒரு மூலையில் மட்டும் வராமல் நிற்கிறதா? பெரும்பாலும் ஒரு குமிழ்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

குமிழை நேராக மேலே இழுக்க வேண்டும். வரவில்லை என்றால், ஒரு ஷூ லேஸை அதன் அடியில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்துத் தூக்குங்கள். திருப்புளியால் ஒரு பக்கமாக நெம்பினால் உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோலின் தண்டு முறியும். அதே அளவில் இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

5. திருகுகளைத் தேடுவது

ஒரு முறை ரோபோ ஒன்றைத் திறக்க ஒரு சாயங்காலமே போனது. பின்னால் ஆறு திருகு, பாட்டரி அறைக்குள் ஒன்று, எல்லாம் எடுத்தாயிற்று. கால், தோள், தலை எல்லாம் விட்டுக்கொடுக்கிறது. நெஞ்சு மட்டும் இம்மி அசையவில்லை. நெஞ்சில் பொய்யான மீட்டர்கள் அச்சடித்த வெள்ளி ஸ்டிக்கர் ஒன்று. கடைசியில் அதன் மேல் விரலை மெதுவாக ஓட்டினேன். ஓரிடத்தில் விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கியது. ஏழு திருகையும் கட்டி வைத்திருந்த எட்டாவது திருகு அங்கே இருந்தது.

அன்று முதல் ஒரே விதி: வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகு பாக்கி இருக்கிறது. இழுக்காதீர்கள், தேடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் எப்போதும் இவைதான்: ரப்பர் பாதங்களின் அடி, பாட்டரி அறையின் தரை, கேசட் கதவைத் திறந்தால் தெரியும் மூலைகள், கைப்பிடி மடங்கும் இடம், ஸ்டிக்கரின் அடி. ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியதில்லை. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும், பாதி உரித்தால் போதும்.

எல்லாத் திருகையும் ஒரே கிண்ணத்தில் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. இந்தப் பொம்மைகளில் ஒரே தடிமனில் மூன்று நான்கு நீளம் வரும். குட்டைக் குழியில் நீளத் திருகைப் போட்டால் முன்பக்க ஓட்டைத் துளைத்துக்கொண்டு பொம்மையின் முகத்தில் வெளிவரும். ஒரு அட்டையில் பொம்மையின் உருவத்தைக் கிறுக்கி, எந்த இடத்துத் திருகோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

துணி போர்த்திய கரடி, நாய் வகையில் திருகுக்கு முன் தையல். இயந்திரத் தையல் சீராக இருக்கும். பஞ்சை அடைத்துவிட்டுக் கடைசியாகக் கையால் போட்ட தையல் கொஞ்சம் கோணலாக, இடைவெளி கூடி இருக்கும். பிரிக்க வேண்டியது அதை மட்டும். கழுத்துப் பக்கம் துணியை இறுக்கிய கயிறோ பிளாஸ்டிக் கட்டோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

6. ஓட்டைப் பிரிப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது. நாற்பது வருடம் ஆன பிளாஸ்டிக் வளையாது, நேராக முறியும்.

பொம்மையைக் குப்புறக் கிடத்தி, பின்னோட்டை மேலே தூக்குங்கள். நிமிர்த்தி வைத்துத் திறந்தால் கதவு ஸ்பிரிங், பட்டன், சின்னச் சின்னத் தக்கைகள் எல்லாம் பொலபொலவென்று கொட்டும். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குப்புற இருந்தால் அததன் குழியிலேயே இருக்கும்.

திருகெல்லாம் போயும் விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே கொக்கி இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் அட்டையை இணைப்புக் கோட்டில் செருகி நகர்த்துங்கள். தடுக்குகிற இடம்தான் கொக்கி. அங்கே அட்டையை உள்நோக்கி அழுத்தினால் டக்கென்று விடும். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் விளிம்பு நசுங்கும், எத்தனை நன்றாக மூடினாலும் அந்தத் தழும்பு தெரியும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. ஓடு விட்டுக்கொடுத்ததும் ஒரு விரல் அகலம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஸ்பீக்கர் ஒரு பாதியில், போர்டு மறுபாதியில், நடுவில் தலைமுடி கனத்தில் இரண்டு வயர் இருக்கும். பாட்டரி வயரும் அப்படித்தான். புத்தகத்தைத் திறப்பது போல ஒரு பக்கமாக மடக்கித் திறங்கள். எந்தப் பக்கம் வயர் குட்டையோ அந்தப் பக்கம் கீல் மாதிரி நிற்கட்டும்.

திறந்ததும் எதையும் தொடாமல் போட்டோ. மேலிருந்து ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று, வயர் போர்டில் சேரும் இடங்கள் கிட்டத்தில். நினைவில் இருக்கும் என்று விடாதீர்கள். சிவப்பு வயர் எப்போதும் பாசிட்டிவ் என்பதும் இந்தப் பொம்மைகளில் செல்லாது. கையில் கிடைத்த நிறத்தில் பற்றவைத்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.

7. மெக்கானிசத்தை வெளியே எடுப்பது

மோட்டார், சக்கரங்கள், பட்டன் வரிசை எல்லாம் ஒரே தகட்டில் மாட்டியிருக்கும். மூன்று நான்கு திருகில் அந்தத் தகடு ஓட்டோடு நிற்கும். அதை மொத்தமாக எடுக்க வேண்டும், உதிரி உதிரியாக அல்ல.

கதவின் ஸ்பிரிங் கம்பி எந்தக் குழியில், எந்தப் பக்கம் இழுத்து நிற்கிறது என்று தனியாகப் படம் எடுங்கள். கடைசியில் கதவு திறக்காமல் போவது அதனால்தான்.

வயர் தடுத்தால் பற்றவைத்த இடத்தைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி எடுங்கள். ஆனால் எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. எடுக்கும் ஒவ்வொரு வயருக்கும் முன்கூட்டியே டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மோட்டாரின் இரண்டு வயரும் இடம் மாறினால் எதிர்த்திசையில் சுற்றலாம். உள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று வைத்த மோட்டார் என்றால் கெட்டே போகலாம். ஹெட்டுக்குப் போகும் வயர் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்டது. அதை அறுத்து ஒட்டுப்போட்டால் இரைச்சல் குடியேறிவிடும், அதைத் தொடாதீர்கள்.

வாய் அசைக்கும் பொம்மைகளில் இன்னொரு கவனம். சிலவற்றில் சத்தத்தின் ஏற்ற இறக்கமே வாயை ஆட்டும். 1985-இல் வந்த டெடி ரக்ஸ்பின் கரடியில் கதை வேறு: ஸ்டீரியோ டேப்பின் ஒரு தடத்தில் பேச்சு, மற்றதில் கண்ணுக்கும் வாய்க்கும் போகும் கட்டளைகள். சாதாரணப் பாட்டுக் கேசட்டைப் போட்டு “வாய் அசையவில்லையே” என்று மூக்குப் பக்கம் பிரித்துவிடாதீர்கள். அதற்கான கேசட்டைப் போட்டும் அசையாவிட்டால்தான் முகத்தைத் திறக்கும் வேலை.

8. பெல்ட்

நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலான நோய்க்கு மூலம் இந்த ரப்பர் வளையம்தான். தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தாராகியிருக்கும்.

முழுதாக இருந்தால் எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்று படம் எடுத்த பிறகே கழற்றுங்கள். சிலவற்றில் ஒரு சக்கரத்தை வெளிப்பக்கமாக உரசிப் போகும். அது தவறினால் அந்தச் சக்கரம் தலைகீழாகச் சுற்றும்.

தாராகியிருந்தால் முதலில் கையுறை. விரலில் ஒட்டினால் நாள் கணக்கில் போகாது, விரலிலிருந்து பொம்மையின் வெள்ளை முகத்துக்கும் போகும். பெரிய துண்டுகளைப் பல் குத்தும் குச்சியால் சுருட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்தால் கரைந்த தார் மோட்டார் தண்டு வழியாக உள்ளே இறங்கும். மோட்டார் சக்கரத்தின் பள்ளம் மிகக் குறுகல். பலரும் விட்டுவிடுவது அதைத்தான். அங்கே மிச்சம் இருந்தால் புது பெல்ட்டும் துள்ளும்.

புது பெல்ட்டின் அளவுக்கு ஒரு தையல் நூல் போதும். பெல்ட் போகும் வழியிலேயே நூலைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டி அளந்துகொள்ளுங்கள். அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் வேண்டிய உள்சுற்றளவு. உதாரணமாக நூல் 200 மி.மீ. என்றால் 180 முதல் 190 மி.மீ. சுற்றளவுள்ள பெல்ட். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று இதற்கும் குறைவாக வாங்காதீர்கள். மோட்டார் முக்கி முக்கி ஓடும், தண்டு தேயும். பழையது தட்டையா சதுரமா என்பதையும் பார்த்து அதே வகை வாங்குங்கள்.

காகிதக் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அதன் தடிமன் ஓரிடம் போல ஓரிடம் இருக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு முறை தள்ளாடும். மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்க்க மட்டும் அது உதவும்.

9. பிளைவீலும் காணாமல் போகும் வாஷரும்

பிளைவீல் என்பது கனமான வட்டு. அதன் நடுத்தண்டுதான் தகட்டைத் தாண்டி முன்பக்கம் எட்டிப் பார்த்து டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன். டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. சீராக நகர வேண்டும். இந்தத் தண்டில் பழைய எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால் புது பெல்ட் போட்டும் பாட்டு இழுக்கும். அதனால் பெல்ட் மாற்றும்போதே இதையும் பார்த்துவிடுவது நல்லது.

எடுக்கும் முன் முன்பக்கம் பாருங்கள். கேப்ஸ்டன் தண்டின் அடியில் மெல்லிய வெள்ளை வாஷர் ஒன்று பல மாடல்களில் இருக்கும். பிளைவீல் பின்னால் நழுவாமல் பிடிப்பது அதுதான். அதை எடுக்காமல் பின்னாலிருந்து இழுத்தால் வாஷர் கிழியும் அல்லது பறக்கும். இங்கேதான் அந்தப் பாலிதீன் பை. மெக்கானிசத்தைப் பைக்குள் விட்டு, கைகளையும் உள்ளே விட்டு, ட்வீசரால் வாஷரை எடுங்கள். பறந்தால் பைக்குள்தான் பறக்கும்.

பின்பக்கத் தாங்கு தகட்டின் திருகுகளை எடுத்ததும் பிளைவீல் தானாக வழுக்கி வர வேண்டும். வராவிட்டால் தண்டு துளைக்குள் போகும் இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, சில நிமிடம் கழித்துச் சுழற்றிக்கொண்டே இழுங்கள். வந்த பிறகு தண்டில் வேறு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணெயில் ஒட்டி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. துடைக்கும்போது துணியோடு போய்விடும்.

தண்டைத் துடைத்து, துளையையும் துடைத்து, குண்டூசி முனையில் தொட்ட அளவு மெல்லிய மெஷின் ஆயில் வைத்து மாட்டுங்கள். முன்பக்கம் டேப் படும் பகுதியில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. மாட்டிய பின் அங்கே மறுபடி ஆல்கஹாலால் ஒரு துடைப்பு.

10. ஹெட், ரப்பர் உருளை, சுவிட்ச்

ஹெட்டின் முகத்தில் பழுப்பாகப் படிந்திருப்பது டேப்பிலிருந்து உதிர்ந்த துகள். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு லேசான சோப்பு நீர் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வறளும். காந்தம் ஏறிய திருப்புளியை ஹெட் அருகே கொண்டுபோகாதீர்கள். காந்தம் ஹெட்டுக்கும் ஏறி, பாட்டில் இரைச்சல் கூடும்.

ஹெட்டின் ஒரு பக்கத் திருகுக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும், தலையில் பெயின்ட் பொட்டும் வைத்திருப்பார்கள். டேப்போடு ஹெட் செங்கோணத்தில் நிற்பதற்கான திருகு அது. தளர்ந்திருக்கிறதே என்று முறுக்கினால் கூர்மையான ஒலிகள் எல்லாம் மங்கிவிடும். ஏற்கெனவே யாரோ முறுக்கியிருந்தால், நல்ல பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இம்மி இம்மியாகத் திருப்பி, சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ப்ளே பட்டன் மோட்டாருக்கு மின்சாரம் விடுவது இரண்டு மெல்லிய தகடுகள் சேர்வதால். அவற்றுக்கு இடையே ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டை வைத்து, பட்டனை அழுத்தி, தாளை உருவுங்கள். கறுப்பாக வரும். “மோட்டார் செத்துப்போச்சு” என்று கொண்டுவரப்பட்ட சில பொம்மைகள் இந்தத் தாளிலேயே பிழைத்துக்கொண்டன.

11. மூடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

ஓட்டைத் திறந்தே வைத்து, பாட்டரி இணைத்து, அதே பழைய கேசட்டை வையுங்கள். ப்ளே, முன்னோட்டம், பின்னோட்டம், நிறுத்தம் எல்லாம் பார்த்த பிறகுதான் திருகைத் தொட வேண்டும். ஆர்வத்தில் மூடிவிட்டு மறுபடி திறந்தால், ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் மரை கொஞ்சம் தேயும்.

வேகம் தப்பாக இருந்தால் மோட்டாரின் பின்புறம் சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். பல மோட்டார்களில் வேகத்தைத் திருத்தும் திருகு அதற்குள் இருக்கும். பிளாஸ்டிக் அல்லது செராமிக் முனைத் திருப்புளியால் மட்டும் தொடுங்கள். இரும்பு முனை மோட்டார் கூட்டில் உரசி ஷார்ட் ஆகலாம். 3000 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட் இருந்தால் போனில் அலைவரிசை காட்டும் செயலியை வைத்துச் சரிபார்க்கலாம். இல்லையென்றால் நீளம் தெரிந்த பாட்டு ஒன்றும் கடிகாரமும் போதும். கடிகார முள்ளின் ஒரு நிமிட அளவுக்குத் திருப்பினாலே வேகம் நன்றாக மாறும்.

12. மூடுவது

போர்டில் இருக்கும் ஸ்லைடரையும் ஓட்டில் இருக்கும் அதன் தொப்பியையும் ஒரே ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மூடுங்கள். ஒன்று இந்த ஓரம், மற்றது அந்த ஓரம் என்றால் தொப்பி சுவிட்சைப் பிடிக்காது, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். வயர்கள் திருகுத் தூண்களின் மேல் கிடக்கின்றனவா என்று ஒரு சுற்று பாருங்கள். ஓடு முழுதாகப் படியாமல் அரை மி.மீ. தூக்கி நின்றால் அழுத்தாதீர்கள். ஏதோ ஒரு வயர் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

திருகை நேராக முறுக்க ஆரம்பிக்க வேண்டாம். குழியில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் லேசாக டக்கென்று இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முறுக்கினால் சுகமாக ஏறும். இல்லையென்றால் புது மரை வெட்டிக்கொண்டு போகும், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு திருகு பிடிக்கவே பிடிக்காது. எல்லாவற்றையும் முக்கால்வாசி ஏற்றிவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். இறுகியது என்று கை சொன்னதும் நிறுத்திவிடுங்கள்.

குமிழ்களை மாட்டி, ஒரு கேசட்டின் முழுப்பக்கத்தையும் ஓடவிட்டுக் கேளுங்கள். சூடு ஏறிய பிறகுதான் சில மோட்டார்கள் தள்ளாடும். அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாட்டரியை வெளியே எடுத்துவிட்டு வையுங்கள். ப்ளே பட்டன் அழுத்தியபடி நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் ரப்பர் உருளையில் கேப்ஸ்டன் பதிந்து பள்ளம் விழும், அடுத்த முறை டக் டக் என்று பாட்டு குதிக்கும்.